துயிலெழுப்பும் சிறு நிரல்

அதிகாலை வேளையில் வெள்ளவத்தைக் காலி வீதியில் நடந்து சென்றவர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பார்கள். வரிசையாக மூடிக்கிடக்கும் கடைகளுள் ஒன்றின் முன்னால் ஓர் இளைஞன் வந்து நிற்பான். இரும்புக் கதவின் பூட்டைத் திறப்பான், விளக்கைப் போடுவான், தரையைக் கூட்டித் தண்ணீர் தெளிப்பான், தராசைத் துடைத்து நிறுத்துவான், கணக்குப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைப்பான். சற்று நேரத்தில் முதலாளி வந்து அமர்வார். அதன்பின் அன்று முழுவதும் அவ்விளைஞனை எவரும் பொருட்படுத்துவதில்லை. அவன் ஒருநாள் வராதுவிட்டாற்றான், முதலாளியும் வாடிக்கைக்காரரும் வீதியிலே நிற்க, அவனது அருமை விளங்கும்.

நாம் நாள்தோறும் கையாளும் கைத்தொலைபேசி, வீட்டு மூலையில் பச்சை விளக்குடன் இருக்கும் இணையப் பெட்டி, தொலைக்காட்சியின் கீழுள்ள சிறு பெட்டி ஆகிய யாவற்றினுள்ளும் இத்தகைய சிப்பந்தி ஒருவன் இருக்கிறான். ஆளிையை அழுத்திய கணத்தில் எல்லோருக்கும் முன்னதாக விழித்து, உறுப்புக்களை ஒவ்வொன்றாக எழுப்பி, பெரிய நிரலாகிய முதலாளியை ஆசனத்தில் அமர்த்திவிட்டு, தான் மறைந்துவிடுகின்ற சிறு நிரலே அவன். 'பூட்லோடர்' என்பது அவனுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர். அரசனைத் துயிலெழுப்பும் பாட்டுக்கு நம் முன்னோர் 'துயிலெடை நிலை' என்று பெயரிட்டனர். அதனை நினைந்து இந்நிரலைத் 'துயிலெழுப்பி' என்று இக்கட்டுரையில் அழைக்க விரும்புகிறேன்.

இஃது எந்திரவியல் மாணவருக்கு மட்டும் உரிய விஷயம் என்று எண்ணி, ஏனையோர் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம்மவர் குடும்பங்கள் பலவற்றுக்கும் உரியதொரு கேள்வி இதனுள் அடங்கியிருக்கிறது. அதனை எனக்கு உணர்த்தியவர் என் மாணவர் ஒருவரே.

பன்னிரண்டு பெட்டிகள்

கொட்டாஞ்சேனையில் சிறியதொரு வாசிகசாலை உண்டு. மாலையானதும் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பயிலும் பிள்ளைகள் அங்கே கூடுவர். அவர்களுள் பலர், வீட்டிலே மேசை போட இடமில்லாதவர்கள். சென்ற ஆண்டு அன்பர் ஒருவர் பன்னிரண்டு சிறு கணினிப் பெட்டிகளை அவ்வாசிகசாலைக்கு அன்பளிப்புச் செய்தார். முன்னர் கடைகளில் விளம்பரப் படங்களைத் திரையிடுவதற்கு உபயோகித்த பெட்டிகள் அவை. கடந்தகால வினாத்தாள்களையும் பாடநூல்களையும் சேமித்துவைத்துப் பிள்ளைகள் படிப்பதற்கு அவற்றின் ஆற்றல் தாராளமாகப் போதும்.

ஆயினும் ஒரு தடை இருந்தது. மின்சாரத்தைக் கொடுத்தால் திரையில் ஒரு சின்னம் தோன்றும்; அப்பால் எதுவும் நிகழாது. அப்பெட்டிகள் விழித்தவுடன் தம்மைச் செய்த கொம்பனியின் சேவையைத் தேடுமாறு அமைக்கப்பட்டிருந்தன. அச்சேவையோ நிறுத்தப்பட்டுவிட்டது. தாயைத் தேடி அழுது, அவ்விடத்திலேயே உறங்கிவிடும் குழந்தையைப் போல அவை மீண்டும் உறங்கிவிட்டன. பழைய சாமான் கடைக்குக் கொடுத்துவிடலாம் என்றே பலரும் கருதினர்.

என்னிடம் உயர்தர வகுப்பிற் பௌதிகவியல் பயின்று, இப்பொழுது பல்கலைக்கழகத்திலே பொறியியல் கற்கும் மாணவர் ஒருவர் அவ்வாசிகசாலையில் வளர்ந்தவர். அவர் ஒரு பெட்டியை என் வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"சேர், இது சாகவில்லை, நித்திரை கொள்கிறது. எழுப்புகிற ஆளை மாற்றினால் எழும்பும்" என்றார்.

"மாற்றுவதற்கு ஆள் இருக்கிறாரோ, தம்பி?" என்று கேட்டேன்.

"ஆள் இருக்கிறார், சேர். ஆனால் இந்த வீடு அவருக்குத் தெரியாது. நாங்கள்தான் வழிகாட்ட வேண்டும்" என்றார்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே, இறக்குமதி சுருங்கி, பழுதடைந்த பொருளுக்கு மாற்றுப் பொருள் கிடையாது நாம் பட்ட பாட்டை எளிதில் மறத்தலாகாது. நல்ல நிலையிலுள்ள இயந்திரம், செய்தவன் கைவிட்டான் என்ற ஒரே காரணத்தினாற் குப்பையாவதை நம்மைப் போன்ற நாடு எவ்வாறு பொறுக்கும்? ஆதலால், "முயன்று பாரும்" என்றேன்.

விழிப்பின் புதிர்

கணினி விழிப்பதில் ஒரு புதிர் உண்டு. அது யாதொன்றைச் செய்வதற்கும் நிரல் வேண்டும். அந்நிரல் வேலை நினைவகத்தில் இருத்தல் வேண்டும். நிரலை நினைவகத்துக்குக் கொண்டுவருவதற்கும் மற்றொரு நிரல் வேண்டும். அதனைக் கொண்டுவருவது யார்? ஒருவன் தான் அணிந்த சப்பாத்தின் வாரைப் பற்றித் தன்னைத் தானே மேலே தூக்கிக்கொள்வது போன்ற வேலை இது என்று ஆங்கிலேயர் வேடிக்கையாகச் சொல்வர். 'பூட்' என்ற சொல் அவ்வழியே வந்ததாகும்.

புதிரை அவிழ்க்கும் வழி, வேலையைப் படிப்படியாகப் பிரிப்பதே. செயலிச் சில்லைச் செய்யும்போதே, எவராலும் மாற்ற இயலாத மிகச் சிறு நிரலொன்றை அதனுள் பதித்துவிடுகின்றனர். மின்சாரம் பாய்ந்ததும் அது விழித்து, நினைவு அட்டையிலோ உள்ளிருக்கும் சேமிப்பகத்திலோ துயிலெழுப்பியின் முதற்பகுதியைத் தேடி எடுக்கும். அப்பொழுது பெரிய நினைவகம் இன்னும் உறங்கிக்கொண்டிருக்கும். ஆகையால் அம்முதற்பகுதி, சில்லினுள்ளேயே இருக்கும் மிகக் குறுகிய இடத்திற்குள் அடங்கவேண்டும். அதன் தலையாய கடமை பெரிய நினைவகத்தை எழுப்புவதாகும். நினைவகம் எழுந்தபின்னர் துயிலெழுப்பியின் முழுவுருவம் அதனுள் வந்து இறங்கும். அது சேமிப்பகம், வலையமைப்பு முதலியவற்றை ஆயத்தஞ்செய்து, 'லினக்ஸ்' போன்ற பணிசெயல் முறைமையைக் கொணர்ந்து, "வீடு இவ்வாறு இருக்கிறது, பெற்றுக்கொள்ளும்" என்று ஒரு பட்டியலையும் கையளித்து விலகிக்கொள்ளும். இவை யாவும் ஓரிரு விநாடிகளுள் முடிந்துவிடும்.

எண்ணில் தொடங்கக்கூடாத பெயர்

மாணவர் குறிப்பிட்ட "ஆள்" யார் என்பதை இனிச் சொல்லவேண்டும். 'யூ-பூட்' என்பது அதன் பெயர். சிறு கருவிகளுக்குரிய துயிலெழுப்பிகளுள் உலகெங்கும் மிகுதியாக வழங்குவனவற்றுள் ஒன்று அது. மக்னஸ் டாம் என்பவர் ஒரு குறிப்பிட்ட வகைச் செயலிக்கென '8 எக்ஸ் எக்ஸ் ரொம்' என்ற நிரலை எழுதியிருந்தார். ஜேர்மனியரான வொல்ஃப்காங் டெங்க் 1999 ஆம் ஆண்டு அக்டோபரில் அதனைப் பொதுக் களஞ்சியமொன்றிற் சேர்க்க முற்பட்டார். பெயர் எண்ணில் தொடங்கலாகாது என்பது அக்களஞ்சியத்தின் விதி. ஆகவே 'பிபிசி பூட்' என்று பெயர் மாறிற்று. 2002 ஆம் ஆண்டு நவம்பரில், வேறு வகைச் செயலிகளையும் அது எழுப்பத் தொடங்கியதும் 'யூ-பூட்' ஆயிற்று. 'யூ' என்பது எங்கும் பொருந்துவது எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. ஜேர்மன் மொழியில் 'யூ-பூட்' என்றால் நீர்மூழ்கிக் கப்பல். மேலே தோன்றாது கீழிருந்தே தொழில் புரியும் நிரலுக்கு இப்பெயர் எத்துணைப் பொருத்தம்!

இந்நிரல் எவருடைய தனிச்சொத்துமன்று. 'பொது உரிமம்' எனப்படும் ஜி. பி. எல். நிபந்தனையின்கீழ் அது வழங்கப்படுகிறது. எவரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கும் பொருளினுள்ளும் வைக்கலாம். ஆயின் அதனை வைத்துப் பொருளை விற்பவர், அந்நிரலின் மூலவடிவத்தைப் பொருளைப் பெற்றவருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர். பெற்றதைப் போலவே கொடு என்பது அதன் சாரம். நமது பன்னிரண்டு பெட்டிகளினுள்ளும் யூ-பூட்டின் பழைய வடிவமொன்றே இருந்தது. அதன் மூலவடிவத்தைக் கேட்டு என் மாணவர் செய்தவர்களுக்கு இருமுறை எழுதினார். மறுமொழி வரவில்லை.

டெங்க் அவர்கள் நெடுங்காலம் தலைமைப் பொறுப்பை வகித்து, 2012 இல் அதனை டொம் ரினி என்னும் அமெரிக்கரிடம் ஒப்படைத்தார். 2022 இல் டெங்க் காலமானார். அவர் மறைந்த பின்னரும், ஏறத்தாழ மூன்று மாதத்துக்கொருமுறை புதிய பதிப்பு தவறாது வெளிவந்துகொண்டிருக்கிறது. இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னர் இதற்கே திரும்புவோம்.

நெருங்கிய உறவினரைத் தேடல்

புதியதொரு சுற்றுப்பலகையை யூ-பூட்டுக்கு அறிமுகஞ்செய்ய முற்படுபவர் வெற்றுத்தாளில் எழுதத் தொடங்குவதில்லை. முதலில் அப்பலகையின் நெருங்கிய உறவினரைத் தேடுகிறார். அதே செயலியைக் கொண்ட வேறொரு பலகை ஏற்கெனவே அங்கு இடம்பெற்றிருக்குமாயின், வேலையிற் பெரும்பகுதி முடிந்துவிட்டது எனலாம். எஞ்சியிருப்பது வேற்றுமைகளை எழுதுவது: நினைவகம் எவ்வளவு, சேமிப்பகம் எந்தக் கம்பியில், விளக்கு எந்த ஊசியில், வலையமைப்புச் சில்லு எவ்வகையானது என்பன. இவற்றைச் சொல்லும் பட்டியலுக்கு 'டிவைஸ் ட்ரீ' என்று பெயர். கிளையுங் கொப்புமாய் விரிவதால் அதனை உறுப்பு மரம் எனலாம். இம்மரத்தோடு, எந்தெந்த வசதிகள் வேண்டும் என்று குறிக்கும் அமைவுக் கோப்பு ஒன்றும், பலகையின் பொறுப்பாளர் யார் என்று குறிக்கும் பதிவு ஒன்றும் வேண்டும்.

எங்கள் பெட்டிக்கு உறவினர் ஒருவர் அகப்பட்டார். ஆனால் திரையில் எதுவும் தோன்றாத நிலையில், உள்ளே நடப்பதை அறிவது எவ்வாறு? பலகையின் ஓரத்திலே மூன்று சிறு துளைகள் உண்டு. ஒன்று பேசுவது, ஒன்று கேட்பது, மற்றையது இரண்டுக்கும் பொதுவான தரை. இம்மூன்றிலும் கம்பி இணைத்து மடிக்கணினியோடு பொருத்தினால், விநாடிக்கு 115,200 துணுக்குகள் என்ற வேகத்தில் துயிலெழுப்பி தன் கதையைச் சொல்லும்.

இவ்விடத்தில் ஒரு தவறு நேர்ந்தது. அது என் தவறு. அவ்விணைப்புக்கு வேண்டிய கருவியை ஆய்வுகூடத்திலிருந்து எடுத்துக்கொடுத்தவன் நான். அது 5 வோல்ற்றில் பேசுமாறு திருப்பிவைக்கப்பட்டிருந்தது; பெட்டியோ 3.3 வோல்ற்றுக்கு மேல் தாங்காதது. பார்க்காமற் கொடுத்தேன். ஒரு கணத்தில் மெல்லிய தீய்ந்த மணம் எழுந்தது. பன்னிரண்டு பெட்டிகள் பதினொன்றாயின. பௌதிகவியல் கற்பிக்கும் எனக்கு இதனைவிடப் பெரிய பாடம் வேறு வேண்டுமோ? இத்துறையில் இறங்க விரும்பும் மாணாக்கர் கம்பியைத் தொடுமுன் வோல்ற்றளவை அளந்து பார்ப்பாராக. உள்ளிருக்கும் பழைய நிரலையும் அவசரப்பட்டு அழித்துவிடலாகாது. அதன் பிரதியொன்றை எடுத்துவைத்து, வெளியே கழற்றக்கூடிய நினைவு அட்டையிலிருந்தே பரிசோதித்தல் நன்று.

கருவியைச் சீர்செய்து இரண்டாம் பெட்டியிற் பொருத்தியபின் மூன்று வாரங்கள் மௌனத்திற் கழிந்தன. ஒரெழுத்தேனும் வரவில்லை. பகலில் விரிவுரை, இரவில் இப்பெட்டி என்று மாணவர் மெலிந்துபோனார். இறுதியிற் பழுது இருந்த இடம் நினைவகம். உறவுப் பலகையில் இருந்ததைவிட எங்கள் பெட்டியில் நினைவகம் இருமடங்கு; சில்லுக்களும் வேறு. நினைவகச் சில்லு மிகவும் முறைபார்க்கும் விருந்தாளி. இத்தனையாவது துடிப்பில் கேட்கவேண்டும், இத்தனை துடிப்புக் காத்திருக்கவேண்டும், இத்தனை நேரத்துக்கொருமுறை புதுப்பிக்கவேண்டும் என்ற கணக்கு அணுவளவு பிசகினும் அது வாய்திறவாது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் சில்லின் மேலிருந்த நுண்ணெழுத்துக்களை வாசித்து, அதற்குரிய விவரத்தாளைத் தேடி, கணக்குகளை மாற்றி எழுதினார்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு தொலைபேசி ஒலித்தது. "சேர், கதைக்கிறது!" என்ற இரண்டு சொற்களுக்குமேல் அவராற் பேச முடியவில்லை. மறுநாள் வாசிகசாலைக்குச் சென்றேன். கரிய திரையிலே யூ-பூட்டின் பெயரும் பதிப்பெண்ணும் நினைவகத்தின் அளவும் வெள்ளெழுத்தில் ஒவ்வொரு வரியாக விழுந்தன. சுற்றி நின்ற பிள்ளைகள் கைதட்டினர்.

சென்னையிலும் அதே மகிழ்ச்சி

முதலெழுத்துத் தோன்றும் கணத்தின் மகிழ்ச்சி சிறு வாசிகசாலைக்கு மட்டும் உரியதன்று. சென்னையிலுள்ள இந்தியத் தொழினுட்பக் கழகத்தில் பேராசிரியர் காமகோடி அவர்களின் வழிகாட்டலில் 'சக்தி' என்னும் செயலித் திட்டம் நடந்துவருகிறது. 2010 இல் அமெரிக்காவின் பேர்க்கிலி பல்கலைக்கழகத்திலே தொடங்கிய 'ரிஸ்க்-ஃபைவ்' என்ற திறந்த கட்டளைத் தொகுதியைத் தழுவியது அது. 2018 இல் அத்திட்டத்தின் சில்லுக்கள் லினக்ஸை இயக்கிக் காட்டின. பின்னர், விண்வெளிக் கருவிகளுக்கென 'ஐரிஸ்' என்னும் சில்லை அக்கழகமும் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் சேர்ந்து உருவாக்கின. திருவனந்தபுரத்திலுள்ள அந்நிறுவனத்தின் பிரிவு தேவையை முன்வைத்தது. சில்லு சண்டிகாரிலே செய்யப்பட்டது.

2025 ஆம் ஆண்டு பெப்ருவரியில் அவர்கள் உலகுக்கு அறிவித்த செய்தி யாது? சில்லு வெற்றிகரமாகத் துயிலெழுந்தது என்பதே! ஆண்டுக்கணக்கான உழைப்பின் வெற்றியை ஒரு குழந்தையின் முதல் அழுகையைப் போல அறிவித்தனர். புதிய வன்பொருள் எதுவாயினும் அதன் பிறப்புச் சான்று இதுவே. யூ-பூட்டும் 2018 ஆம் ஆண்டிலே ரிஸ்க்-ஃபைவ் குடும்பத்தைத் தன் வீட்டிற் சேர்த்துக்கொண்டது. யாரோ சிலர் அமர்ந்து அதற்குரிய பகுதிகளை எழுதிக் கொடுத்ததனாலேயே அது நிகழ்ந்தது.

கொடுப்பதில் உள்ள கஷ்டம்

பதினொரு பெட்டிகளும் எழுந்துவிட்டன, வினாத்தாள்கள் ஏறிவிட்டன, கதை முடிந்தது என்றே நானும் எண்ணினேன். ஆயினும் தாம் எழுதியதைப் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பவேண்டும் என்று மாணவர் விரும்பினார். அங்கு அனுப்புபவர் ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் ஒரு கையொப்ப வரி எழுதவேண்டும். 'இஃது என் உழைப்பு, அல்லது கொடுப்பதற்கு எனக்கு உரிமையுள்ள பொருள்' என்னும் உறுதிமொழி அது. 2004 இல் லினக்ஸ் உலகில் தோன்றி, பின்னர் பல திட்டங்களும் ஏற்றுக்கொண்ட வழக்கம் இது.

மின்னஞ்சல் வழியே அனுப்பிய சில நாட்களில், முன்பின் அறியாத இருவர் வேற்று நாடுகளிலிருந்து எழுதினார்கள். பாராட்டு ஒரு வரி. குறைகள் இரண்டு பக்கம். ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பியதை ஒரு காரியத்துக்கு ஒரு திருத்தமாகப் பிரிக்கவேண்டும். ஏற்கெனவே உள்ள பகுதியைப் பிரதிபண்ணாமல் அதனையே உபயோகிக்கவேண்டும். உறுப்பு மரத்தை முதலில் லினக்ஸுக்கு அனுப்பி, அங்கு ஏற்கப்பட்டபின் இங்கு கொணரவேண்டும். நினைவகத்தின் கணக்கு எங்கிருந்து வந்தது என்று விளக்கவேண்டும். இவற்றோடு இறுதியிற் சிறியதொரு கேள்வி: இப்பலகையை இனிமேல் யார் பார்த்துக்கொள்வார்?

மாணவரின் முகம் வாடிவிட்டது. "என்னுடைய பெட்டி வேலை செய்கிறது, சேர். இனி இவர்களுக்கு நான் ஏன் விளக்கம் சொல்ல வேண்டும்?" என்றார். விடைத்தாளில் நான் சிவப்பு மையாற் கோடிட்ட காலத்திலும் அதே முகத்தைக் கண்டிருக்கிறேன். "தம்பி, உம்முடைய பெட்டிக்கு விடை சரிதான். ஆனால் விடையை மட்டும் எழுதினால் முழுப் புள்ளி கொடுக்கிறதில்லை, செய்கை வழியையும் காட்டவேண்டும்" என்றேன். இருந்தும் அவர் ஒருமாத காலம் அதனைத் தொடவில்லை. கடைசிக் கேள்வியே அவரை வருத்தியது என்பதைப் பின்னரே அறிந்தேன். மேற்படிப்புக்காக வெளிநாடு செல்ல அவருக்கு இடம் கிடைத்திருந்தது. போகிறவன் எவ்வாறு பொறுப்பாளன் என்று பெயர் எழுதுவான்?

நின்றுபோன மணி

அப்பொழுது நான் அவருக்கு ஒரு கதை சொன்னேன். முன்னர் நான் கற்பித்த பாடசாலை ஒன்றில், பாடவேளை தோறும் தானே ஒலிக்கும் மின்மணி ஒன்று இருந்தது. அங்கிருந்த ஆசிரியர் ஒருவர் தம் கைப்படச் செய்த பொறி அது. பரீட்சை நாளில் ஒரு முறை, வெள்ளிக்கிழமையில் ஒரு முறை என்று ஒழுங்கு தவறாது ஒலிக்கும். அவர் மகா கெட்டிக்காரர். ஆனால் எதனையும் எழுதிவைத்தாரல்லர். ஒருநாள் குடும்பத்தோடு கனடாவுக்குச் சென்றுவிட்டார். மறு ஆண்டு மணி நின்றது. பெட்டியைத் திறந்து பார்த்தோம். நிறமில்லாத கம்பிகளின் காடு. நான்கு ஆசிரியர்கள் முயன்றும் பயனில்லை. அவருக்கு எழுதினோம், அவரும் நினைவிலிருந்து ஏதோ சொன்னார், நினைவும் ஆண்டுகளோடு மங்கிவிட்டது. முடிவிற் காவலாளி கையால் அடிக்கும் பித்தளை மணியே மீண்டும் வந்தது. இன்றும் அதுவே ஒலிக்கிறதாம்.

அந்த ஆசிரியரை நான் குறைசொல்லவில்லை. போகாமல் இருந்திருக்கவேண்டும் என்று சொல்லவும் எனக்கு உரிமையில்லை. கொழும்புத் தமிழ்க் குடும்பங்களில், விமான நிலையத்திற் கையசைத்து நில்லாத குடும்பம் எத்தனை? போகிறவர்களுக்குக் காரணம் உண்டு. ஆனால் போகிறவரின் தலையினுள் இருந்த அறிவும் அவரோடு விமானமேறிவிட வேண்டுமென்ற நியதி இல்லை. எழுதி ஒப்படைத்துச் செல்லலாம். டெங்க் அவர்கள் மறைந்தும் மூன்று மாதத்துக்கொருமுறை பதிப்பு வருவதற்குக் காரணம் அதுவே. அவர் அறிந்தவை அவர் தலையில் மட்டும் இருக்கவில்லை. ஒவ்வொரு வரியும் ஏன் எழுதப்பட்டது என்பது எல்லோரும் காணுமாறு பதிவாகியிருந்தது. பொறுப்பும் உரிய காலத்திற் கைமாறியிருந்தது.

மாணவர் நெடுநேரம் பேசாதிருந்தார். "சேர், பொறுப்பாளர் இல்லாத பலகைகளைச் சில காலம் பார்த்துவிட்டு நீக்கிவிடுகிறார்கள்" என்றார். "நீக்குவதும் நியாயந்தானே, தம்பி? ஆளில்லாத வீட்டுக்கு எத்தனை நாள் வெள்ளையடிப்பது?" என்றேன்.

இரண்டு பெயர்கள்

அடுத்த வாரம் வாசிகசாலையில் புதியதொரு காட்சியைக் கண்டேன். உயர்தரம் கற்கும் பதினேழு வயது மாணவி ஒருத்தி, கையில் அளவைக் கருவியுடன் அந்த மூன்று துளைகளின் வோல்ற்றளவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாணவர் அருகில் நின்றார், கம்பியைத் தொடவில்லை. "அக்காவுக்குச் சொல்லுகிற மாதிரி எனக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ, அண்ணா" என்று ஒரு சிறுவன் இடையிற் புகுந்தான். இரண்டு மாதங்களில் அப்பெண் பெட்டியின் கதையை முழுவதும் கற்றுக்கொண்டாள். திருத்தங்களைப் பிரித்து எழுதும்போது, "இந்த எண் எங்கிருந்து வந்தது, அண்ணா?" என்று அவள் கேட்ட கேள்விகளே விளக்கக் குறிப்புக்களாக மாறின. தெரிந்தவன் எழுதுவதைவிடத் தெரியாதவர் கேட்டு எழுதுவித்தது தெளிவாயிருந்தது.

ஐந்தாம் முறை அனுப்பிய வடிவம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. முன்னர் இரண்டு பக்கம் குறை எழுதியவரே, தாம் பரிசீலித்ததாகத் தமது பெயரையும் அதன்கீழ் எழுதியிருந்தார். பொறுப்பாளர் பதிவில் இரண்டு பெயர்கள் இருந்தன: ஒன்று போகிறவருடையது, மற்றையது இருக்கிறவளுடையது.

மாணவர் புறப்பட்டுச் சென்றுவிட்டார். அதன்பின் யூ-பூட்டின் புதிய பதிப்பொன்று வெளிவந்தது. அதனை ஒரு பெட்டியில் ஏற்றிப் பார்த்தாள் அம்மாணவி, வலையமைப்பு எழவில்லை. வேறெங்கோ செய்த மாற்றமொன்று இப்பெட்டியைப் பாதித்திருந்தது. அன்றிரவே அவள் எழுதினாள். மறுநாள் அயல்நாட்டிலிருந்து ஒருவர் திருத்தம் அனுப்பினார். அதனைப் பரிசோதித்து, 'பரிசோதித்தவர்' என்ற வரியில் அவள் தன் பெயரைப் பதித்தாள். இந்தப் பெட்டிகள் இனி எவரையும் தேடி அழுது உறங்கவேண்டியதில்லை. எங்கோ ஒரு தேசத்தில் இதே பெட்டியை வைத்துக்கொண்டு விழித்திருக்கும் மற்றொருவருக்கும் அவ்வெழுத்துக்கள் இனித் தோன்றும்.

மாணாக்கர்களே, இப்பணிக்கு வேண்டியவை பல அல்ல. 'சி' என்னும் நிரல்மொழியிற் பழக்கம், சுற்றுப்படத்தை வாசிக்கும் திறன், மூன்று கம்பி, நிறைந்த பொறுமை ஆகியவையே முதல். புதிய பலகையோடு தொடங்கவேண்டும் என்பதில்லை. ஏற்கெனவே சேர்க்கப்பட்ட பலகையொன்றில் புதிய பதிப்பை ஏற்றிப் பார்த்து, வேலை செய்தது அல்லது செய்யவில்லை என்று ஒழுங்காக எழுதுவதும் மதிக்கப்படும் தொண்டே. இலங்கை இளைஞர்களுக்கு இப்பாதை புதிதன்று. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை தாக்கியபோது, காணாமற் போனோரைத் தேடவும் நிவாரணத்தை ஒழுங்குபடுத்தவும் இந்நாட்டவர் எழுதிய 'சகானா' என்னும் திறந்த மூல மென்பொருள், பின்னர் பிறநாட்டு அனர்த்தங்களிலும் உதவியது.

பெற்றோருக்கும் ஒரு சொல். வீட்டிலுள்ள பழைய பெட்டியைப் பிள்ளை கழற்றிப் பார்க்க விரும்பினால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அனுமதியுங்கள். கற்றதை ஒரு கொப்பியில் எழுதுமாறும் சொல்லுங்கள். அப்பிள்ளை ஒருநாள் தூரதேசம் செல்லக்கூடும். அந்தக் கொப்பியை இங்கே, தம்பியிடமோ தங்கையிடமோ கொடுத்துவிட்டுச் செல்லட்டும்.